தோற்பதற்கு ஓர் இடம்

ஜூலை பிறந்தால் எங்கள் பள்ளியில் பட்டியல் போடும் வேலை தொடங்கிவிடும். வகுப்புவாரியாக மெல்லக் கற்போர் யார், சராசரி யார், மீத்திறன் மாணவர் யார் என்று பிரித்து எழுதித் தலைமையாசிரியர் மேசைக்கு அனுப்ப வேண்டும். முதல் பட்டியலில் வரும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு உண்டு, தேர்ச்சிக்கென்று சுருக்கிய கையேடு உண்டு, பெற்றோரை வரவழைத்துப் பேசுவது உண்டு. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மாவட்ட அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டுமே. மூன்றாவது பட்டியலுக்கு என்ன உண்டு என்று கேட்டால் ஆசிரியர் அறையில் ஒரே பதில்தான் வரும்: "நல்லா படிக்கிற புள்ள டீச்சர், அது தானா படிச்சுக்கும்."

காவிரிக் கடைமடையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியை. ஆறு முதல் பத்து வரை எடுக்கிறேன். இத்தனை வருடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அதிகத் தீங்கு செய்தது எது என்று என்னைக் கேட்டால், 'தானா படிச்சுக்கும்' என்ற அந்தப் பேச்சைத்தான் சொல்வேன்.

எங்களிடம் ஒரு பையன் படித்தான். ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து முதல் ரேங்க். பத்தாம் வகுப்பில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு, பிளஸ் டூவிலும் அதே. பள்ளி வாசலில் அவன் படம் போட்டு பேனர் வைத்தோம். சென்னையில் பேர்பெற்ற பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துப் போனான். முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். அப்பா அவனை என் வீட்டுக்கு அழைத்துவந்து விட்டுவிட்டு, தான் வாசல் திண்ணையிலேயே இருந்துகொண்டார். நெடுநேரம் பேசாமல் இருந்த பிறகு அவன் சொன்னான்: "டீச்சர், ஒண்ணு புரியலைன்னா அதுக்கப்புறம் என்ன செய்யணும்னே எனக்குத் தெரியல."

பன்னிரண்டு வருடப் படிப்பில் அவனுக்குப் புரியாத ஒன்று அவன் கைக்கு வரவே இல்லை. வந்ததெல்லாம் பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. அவனோடு படித்த சுமாரான பிள்ளைகள் விளங்காத கணக்கோடு மல்லுக்கட்டவும், தப்பாகப் போட்டதை அழித்துவிட்டு மறுபடி போடவும், வெட்கப்படாமல் பக்கத்து பெஞ்சில் கேட்கவும் சின்ன வயதிலேயே பழகிவிட்டார்கள். அவன் பழகவில்லை. பதினெட்டு வயதில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத விடுதி அறையில், முதல் தடவையாக முட்டிக்கொண்டு நின்றான். தனக்கு மூளை இல்லை என்று முடிவுகட்டிவிட்டான். பிறகு தேறிவந்தான், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் அன்று அவன் சொன்ன அந்த வாக்கியம்தான் என் வேலை என்ன என்பதை எனக்குத் தெளிவாக்கியது. திறமை மிகுந்த பிள்ளைக்குப் பள்ளி கொடுக்க வேண்டிய முதல் பொருள் தோற்பதற்கு ஓர் இடம். அதுவும் பத்து, பன்னிரண்டு வயதிலேயே, கூட ஆள் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

முதலில் அந்தப் பிள்ளை யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் போடும் பட்டியலில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒழுங்கான பிள்ளைகள். கையெழுத்து நன்றாக இருக்கும், வீட்டுப்பாடம் தவறாது, நோட்டுக்கு அட்டை போட்டிருக்கும். அவர்களில் அபாரமான புத்தி உள்ளவர்களும் இருப்பார்கள். ஆனால் அறுபது மார்க்கோடு நடுவில் எங்கோ ஒளிந்திருக்கும் பிள்ளை அந்தப் பட்டியலில் வராது. எளிய கூட்டலில் தப்பு விட்டுவிட்டுக் கடினமான கணக்கைச் சரியாகப் போட்டிருக்கும். விடை இருக்கும், வழிமுறை இருக்காது. "ஸ்டெப் எங்கடி?" என்று கேட்டால் "மனசுலயே வந்துருச்சு டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொள்ளும். கேள்வியே தப்பு என்று எழுந்து சொல்லும். சில பிள்ளைகள் சேட்டைக்காரர்கள் என்று பேரெடுத்திருப்பார்கள்; பாதி சேட்டை சலிப்பினால் வருவது.

வேகத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சட்டென்று கை தூக்குகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. நான் பார்ப்பது, நேற்று விட்ட கணக்கை இன்று காலை பிரேயருக்கு முன்னாலேயே தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளையை. ராத்திரி சாப்பிடும்போதும் அதையே நினைத்திருக்கிறது என்று முகத்திலேயே தெரியும்.

அப்படி ஒரு பெண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு. அம்மா சைக்கிளில் கீரை கொண்டுபோய் விற்கிறவர். அரையாண்டுத் தேர்வு நெருங்குகிற மார்கழி மாதம். பொதுக் காரணிகளைத் திரும்ப நடத்த வேண்டியிருந்தது. தெருவெல்லாம் கோலமாக இருந்ததால் அதை வைத்தே ஒரு வேலை கொடுத்தேன். நேர்ப்புள்ளி வையுங்கள். வரிசைக்கு இத்தனை, இத்தனை வரிசை என்று செவ்வகமாக இருக்கட்டும். புள்ளிகளைச் சுற்றிச் சாய்வாகவே போய் ஓரத்தில் திரும்பிவரும் சிக்குக் கோலம் போடுங்கள். இடையில் எங்கும் தடுப்பு வேண்டாம். எத்தனை கம்பி வருகிறது என்று எண்ணி எழுதுங்கள். மூன்றுக்கு நான்கு புள்ளி வைத்தால் கை எடுக்காமல் ஒரே கம்பியில் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று தனிக் கம்பிகள் பின்னிக்கொள்ளும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு.

வகுப்பு முழுக்கச் சாக்பீஸும் தரையுமாகப் போட்டார்கள். முதல் ரேங்க் மாணவி அழகாக அட்டவணை போட்டுவிட்டு, "இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கீரைக்காரர் மகள் அட்டவணை போடவில்லை. மறுநாள் காலை வந்து, "ரெண்டு எண்ணுக்கும் பொதுவா போற பெரிய எண்ணு எதுவோ, அத்தன கம்பி டீச்சர்" என்றாள். மீப்பெரு பொதுக் காரணி! அதைக் கண்டுகொண்டதே பெரிது. பாராட்டி அனுப்பியிருந்தால் அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள். நான் கேட்டேன்: "நூத்துக்கு எழுபத்தஞ்சு வச்சா?" "இருபத்தஞ்சு." "போட்டுப் பாத்தியா?" "இல்ல." "அப்புறம் எப்படித் தெரியும்?"

அவளிடம் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பதில் வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன். கோபம் வந்தது போல முகம் சிவந்தது. "எல்லாத்துக்கும் சரியா வருதே டீச்சர்" என்றாள். "நீ போட்டதுக்கெல்லாம் வந்துச்சு. போடாததுக்கு?" என்றேன். அதோடு நான் நிறுத்திக்கொண்டேன். இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறந்துவிட்டால் எல்லாம் போயிற்று.

அரையாண்டு விடுமுறை வந்தது, பொங்கலும் போனது. இடையில் இரண்டு தடவை தப்பான விளக்கத்தோடு வந்தாள். ஒரு தடவை அழுகையோடு திரும்பினாள். "பெருசா போடாத, சின்னதா போட்டு ஒரு கம்பிய மட்டும் புடிச்சுக்கிட்டுப் போ" என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரிக் கடைசியில் ஒருநாள் மதிய உணவு நேரம், சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சிமென்ட் தரைக்கு என் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். நான்குக்கு ஆறு கோலம் போட்டிருந்தது. குறுக்கே ஒரு கோடு கிழித்து, நான்குக்கு நான்கு சதுரத்தைத் தனியாகப் பிரித்திருந்தாள். "இந்தச் சதுரத்துக்குள்ள போற கம்பியப் பாருங்க டீச்சர். இங்க கோட்டத் தாண்டி உள்ள நுழையுது. மேல இடிச்சு, அந்தப் பக்கம் இடிச்சு, கீழ இடிச்சு, நுழைஞ்ச எடத்துக்கே வந்து வெளிய போயிருது. எல்லாக் கம்பியும் அப்படித்தான் போவுது. அப்ப இந்தச் சதுரத்தையே எடுத்துட்டு இங்க ஒரு சுவர் வச்சாலும் கம்பிக்கு ஒண்ணும் ஆகாது." சதுரத்தைக் காலால் அழித்தாள். நான்குக்கு இரண்டு மிஞ்சியது. அதிலிருந்து இரண்டுக்கு இரண்டை அழித்தாள். இரண்டுக்கு இரண்டு மிஞ்சியது. "இதுக்கு மேல வெட்ட முடியாது. சதுரத்துல எத்தன புள்ளியோ அத்தன கம்பி. ரெண்டு."

பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்துக்கொண்டே போய் மீப்பெரு பொதுக் காரணியைப் பிடிப்பது யூக்ளிடின் வழி. நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அது வகுத்தலாக இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பெண் அதைத் தரையில் கோலத்தை வெட்டி வெட்டி எடுத்திருந்தாள், நிரூபணத்தோடு. அந்தக் கோலத்துக்குப் பின்னால் நல்ல கணிதம் இருக்கிறது என்பதை அவளுக்குச் சொன்னேன். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-ல் கோலத்துக்கும் கணினி இலக்கணத்துக்கும் உள்ள உறவை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். மொசாம்பிக் நாட்டுக் கணித அறிஞர் பாவுலுஸ் கெர்டஸ் ஆப்பிரிக்க மணல் ஓவியங்களோடு நம் கோலத்தையும் சேர்த்து ஆராய்ந்தார். "அவங்களும் எங்கள மாதிரி தரையிலதான் போடுவாங்களா?" என்று கேட்டாள். மணலில் போடுவார்கள் என்றேன்.

அந்த முழு ஆண்டுத் தேர்வில் அவள் கணக்கு மார்க் எழுபதைத் தாண்டவில்லை. ஸ்டெப் எழுதாததற்கு மார்க் போனது. ஸ்டெப் எழுதுவது அடுத்தவருக்குப் புரியவைக்கும் மரியாதை என்று நான் அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கோலத்தை எனக்கு விளக்கியபோது அவளே அதைச் செய்தாள் என்று காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டாள்.

கும்பகோணம் எங்களுக்குப் பக்கம்தான். கெட்டிக்காரப் பிள்ளை என்று பேச்செடுத்தாலே இங்கே ராமானுஜன் பெயர் வந்துவிடும். ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தது, எஃப்.ஏ. தேறாதது எல்லாம் ஊரறிந்த கதை. நான் ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லுவது அதற்கு முந்தைய கதையை. டவுன் ஹைஸ்கூலில் சுமார் 1,200 மாணவர்கள், முப்பத்தைந்து ஆசிரியர்கள். பள்ளி முழுவதற்கும் கால அட்டவணை போடும் வேலையில் மூத்த கணக்கு ஆசிரியர் ராமானுஜனைச் சேர்த்துக்கொண்டார். கால அட்டவணை போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு சிக்கலான வேலை என்று. ஒரு ஆசிரியரை நகர்த்தினால் நான்கு வகுப்பு இடிக்கும். நிஜமான, யாருக்கும் விடை தயாராக இல்லாத வேலை அது. ஒரு மாணவனை நம்பி அதைக் கொடுத்தார்கள். பள்ளி அவருக்குச் செய்ததைக் கல்லூரி செய்யவில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு முன்னோடி என்று ஒருவரைச் சொல்வதானால் அது பி. கே. ஸ்ரீனிவாசன். சென்னை முத்தியால்பேட்டையில் பள்ளிக் கணக்கு ஆசிரியராக இருந்தவர். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் அலைந்து திரட்டி 1968-ல் நூலாக்கினார். 1993-ல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைத்தார். கணக்கைச் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளையே கண்டுபிடிக்க விட வேண்டும் என்று கடைசிவரை பேசினார், செய்தும் காட்டினார். ஒரு பள்ளி ஆசிரியரால் இவ்வளவு முடியும் என்பதே எனக்குப் பெரிய தைரியம்.

நடைமுறையில் நம் பள்ளிகளில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? லீடர் ஆக்குகிறோம். மற்றவர்கள் நோட்டைத் திருத்தச் சொல்கிறோம். மெல்லக் கற்கிற மூன்று பேரை ஒப்படைத்துச் சொல்லிக்கொடுக்க வைக்கிறோம். சொல்லிக்கொடுப்பதால் அந்தப் பிள்ளைக்கும் தெளிவு வரும், அதை மறுக்கவில்லை. ஆனால் வருடம் முழுவதும் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்தால் அது தன் படிப்பை எப்போது படிக்கும்? பத்தாம் வகுப்பு வந்தால் இன்னும் மோசம். சென்டம் எடுக்கக்கூடிய பிள்ளை என்று தெரிந்ததும் ஸ்லிப் டெஸ்ட், யூனிட் டெஸ்ட், ரிவிஷன் என்று அதே வடிவியல் வரைபடத்தை, அதே கேள்வியை ஐந்தாறு முறை எழுதவைக்கிறோம். ஒருமுறையில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. அந்த ஒரு வருடத்தில் கணக்கின் மேல் இருந்த ஆசையே வடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் வகுப்பில் ஒரு ஏற்பாடு. ஒரு பாடத்தில் முன்கூட்டியே சோதித்துத் தேறியவர்களுக்கு அந்தப் பாடத்தின் ஸ்லிப் டெஸ்ட் கிடையாது. அந்த நேரம் பலகையின் மூலைக்குப் போகலாம்.

பலகை மூலை என்பது கரும்பலகையின் வலது கோடியில் நான் கட்டம் போட்டு வைத்திருக்கும் இடம். புதன்கிழமைதோறும் ஒரு கேள்வி எழுதுவேன். மார்க் கிடையாது, பரிசு கிடையாது. யார் வேண்டுமானாலும் முயலலாம், மெல்லக் கற்போர் பட்டியலில் இருக்கிறவர்களும்தான். அங்கிருந்து எனக்குச் சில ஆச்சரியங்கள் கிடைத்திருக்கின்றன. விடையை உரக்கச் சொல்லக் கூடாது. என்னிடம் வருகிறவர்கள் 'எங்கே முட்டியது' என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கென்று கோடு போடாத நோட்டு ஒன்று. விடை எழுதிய பக்கத்தைவிட முட்டிய இடத்தை எழுதிய பக்கத்தைத்தான் நான் கவனமாகப் படிப்பேன், பக்கத்தில் ஒரு கேள்வி எழுதிக் கொடுப்பேன்.

பல வருடமாக அங்கே தவறாமல் வருவது 6174. நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்து, 1949-ல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வருவதை மறுபடி அப்படியே செய்யுங்கள். 3524 என்றால் 5432-லிருந்து 2345 போக 3087, பிறகு 8352, பிறகு 6174. அதன் பிறகு எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்துவிடும். வகுப்பு முழுவதும் இதைக் கண்டு கூச்சல் போடும். அத்தோடு பெரும்பாலோர் கலைந்துவிடுவார்கள். ஒரு வருடம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கலையவில்லை. மூன்று இலக்கத்துக்கு 495 வருகிறது என்று அவனே கண்டுகொண்டான். ஐந்து இலக்கத்துக்குப் போய் மாட்டிக்கொண்டான். "எண்ணு நிக்கவே மாட்டேங்குது டீச்சர்" என்று நோட்டில் எழுதினான். ஒரு வாரம் கழித்து அதே நோட்டில் 61974, 82962, 75933, 63954, மறுபடி 61974 என்று எழுதி வட்டம் போட்டிருந்தான். நிற்காது, சுற்றும் என்பதைப் பிடித்துவிட்டான். பட்டியலில் அவன் சராசரி மாணவன்.

சென்னையில் சதுரங்கம் செழித்ததையும் தோற்பதற்கான இடம் என்பதோடு வைத்து யோசிக்கிறேன். 1972-ல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடினார். ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய் நிற்பார், மறுபடி முறை வரும்வரை. பெரியவர்களிடம் தோற்றுத் தோற்று ஆடக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. இன்று திறமையுள்ள சதுரங்கப் பிள்ளைக்குப் பள்ளிகள் விடுப்புக் கொடுக்கின்றன, பயிற்சியாளர் கிடைக்கிறார், போட்டிக்குப் போக ஆதரவு கிடைக்கிறது. குகேஷ் 2024-ல் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். கணக்கிலோ, அறிவியலிலோ, தமிழிலோ அதே அளவு திறமை உள்ள கிராமத்துப் பிள்ளைக்கு வரிசையில் நின்று தோற்க ஒரு மேசையும் இல்லை.

தேர்வுகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு. மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு ஐம்பது பையன்கள், ஐம்பது பெண்கள். பிறகு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு, பதினொன்றில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு. இந்தப் பணத்தை யாரும் லேசாக நினைக்க வேண்டாம். கீரைக்காரர் மகளுக்கு என்.எம்.எம்.எஸ். கிடைத்தபோது அவள் அப்பா முதல் தடவையாகப் பள்ளிக்கு வந்தார். "புள்ள படிப்புக்கு கவர்மென்ட்டே பணம் தருதுங்களா டீச்சர்?" என்று இரண்டு முறை கேட்டார். ஒன்பதாவதோடு நிறுத்திவிடலாம் என்ற பேச்சு அன்றோடு வீட்டில் நின்றது. இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்று வாங்குவது, வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைப்பது, பேரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் திருத்துவது என்று இந்த வேலைகளுக்கும் ஓர் ஆசிரியர் கூடவே நடக்க வேண்டியிருக்கிறது. திறமையான பிள்ளையை வளர்ப்பதில் பாதி இந்தக் காகித வேலைதான்.

ஆனால் இவை எல்லாம் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதோடு முடிந்துவிடுகின்றன. தேர்ந்தெடுத்த பிள்ளை மறுநாள் அதே வகுப்பில் அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே ஸ்லிப் டெஸ்ட்டை எழுதுகிறது. 1963-ல் தொடங்கிய தேசியத் திறனறித் தேர்வான என்.டி.எஸ்.இ. 2021-க்குப் பிறகு நடக்கவே இல்லை. மாவட்டந்தோறும் வந்திருக்கும் மாதிரிப் பள்ளிகள் நல்ல காரியம். விடுதியோடு சேர்ந்த படிப்பு, கூடப் படிக்கத் தன்னைப் போலவே பத்துப் பேர். எங்களிடமிருந்து போன பிள்ளைகள் மலர்ந்திருக்கிறார்கள். ஆனால் அது எல்லோருக்கும் எட்டாது. பெண்ணை விடுதிக்கு அனுப்பமாட்டேன் என்கிற வீடுகள் எங்கள் பக்கம் இன்னும் நிறைய. போகாதவர்களுக்கான பதிலை அவரவர் பள்ளிதான் வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி 1971-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கல்லூரியில் சேரப்போகிறவர்கள் எழுதும் தேர்வைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தம் வகுப்புத் தேர்வில் எல்லோரும் உச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்தவர்கள் அந்தத் தேர்வில் தனித்தனியாகத் தெரிந்தார்கள். நான் இதைச் சிறிய அளவில் பின்பற்றுகிறேன். எட்டாம் வகுப்பில் சந்தேகம் வரும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கேள்வித்தாளைக் கொடுத்து, "தெரிஞ்சத போடு, தெரியாதத யோசி" என்று உட்காரவைப்பேன். முன்பெல்லாம் டபுள் புரமோஷன் என்று ஒன்று இருந்தது. இப்போது வயது வரம்பும் எமிஸ் என்ற இணையவழி மாணவர் பதிவும் அதற்கு இடம் கொடுக்காது. முழு வகுப்பையும் தாண்டவைப்பதை நானும் விரும்பமாட்டேன். கணக்கில் இரண்டு வகுப்பு முன்னால் இருக்கிற பிள்ளைக்கு விளையாட்டில் தன் வயதுக் கூட்டாளிகள் வேண்டும். கணக்குப் பீரியடில் மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டால் போதும். எங்கள் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டார்.

கீரைக்காரர் மகள் ஒன்பதாம் வகுப்பில் கணித ஒலிம்பியாடின் முதல் சுற்றை எழுதினாள். 30 கணக்கு, 3 மணி நேரம், விடையெல்லாம் இரண்டு இலக்கத்துக்குள் அடங்கிய முழு எண்கள். தமிழ் வழியில் படித்தவளுக்கு ஆங்கிலக் கேள்வித்தாள். அதற்காக ஒரு சின்ன நோட்டு போட்டோம். இன்டிஜர், டிவைசர், ரிமைண்டர், அட் லீஸ்ட், எக்ஸாக்ட்லி. கணக்குச் சொற்களை அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். 'அட் லீஸ்ட்', 'அட் மோஸ்ட்' போன்ற சாதாரணச் சொற்கள்தான் காலை வாரின. தேர்வு மையத்திலிருந்து வெளியே வந்தவள் பேருந்து நிறுத்தம் வரை ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். "பாதிக் கணக்கு என்னன்னே புரியல டீச்சர். ஒண்ணு மட்டும் பாதி வரைக்கும் வந்துச்சு. அத வீட்ல போய்ப் போடணும்." அடுத்த சுற்றுக்கு அவள் தேறவில்லை. அந்தப் பாதிக் கணக்கை அடுத்த வாரம் முடித்துக் கொண்டுவந்தாள். பொறியியல் கல்லூரிக்குப் போன பையனிடம் இல்லாத ஒன்று இவளிடம் இருக்கிறது என்று அன்று எனக்கு நிச்சயமாயிற்று. இப்போது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள்.

அவளுக்குப் பள்ளிக்காலத்தில் குறையாக இருந்தது கூட்டாளி. பலகை மூலையில் அவளோடு சரிக்குச் சரி சண்டை போட எங்கள் பள்ளியில் ஆள் இல்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் அப்படி ஒரு பையன் இருந்தது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இருவரும் ஆறு கிலோமீட்டர் தள்ளித் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவரோ இருவரோ இப்படி இருப்பார்கள். ஒன்றியம் முழுவதையும் சேர்த்தால் ஒரு வகுப்புக்கான பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதனால் சென்ற ஆண்டிலிருந்து மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்டார வள மையத்தில் ஓர் அறை கேட்டு வாங்கி, நாலைந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டுகிறோம். காலையில் ஒரே ஒரு கணக்கு. மதியம் வரை அதோடுதான். ஒருவர் பலகையில் விளக்குவார், மற்றவர்கள் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். முதல் இரண்டு கூட்டத்தில் தங்கள் பள்ளியில் முதலிடத்தில் இருக்கும் பிள்ளைகள் தங்களைவிட வேகமானவரைப் பார்த்து ஒடுங்கிப்போனார்கள். ஒரு பையன் இனி வரமாட்டேன் என்றான், அவன் அம்மாவிடம் பேசி மறுபடி வரவைத்தோம். மூன்றாவது கூட்டத்தில் அவன்தான் இன்னொருத்தியின் விளக்கத்தில் தப்பைப் பிடித்தான். பிடித்துவிட்டு அதைச் சரிசெய்யவும் அவளோடு உட்கார்ந்தான்.

சாப்பாட்டைப் பிள்ளைகளே கட்டிக்கொண்டு வருகிறார்கள். பேருந்துச் செலவை இப்போதைக்கு நாங்கள் மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்கிறோம். பெண் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருக்கிறது, பையன்களின் பஸ் பாஸ் சனிக்கிழமை செல்லாது என்று சில நடத்துநர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சனிக்கிழமைகளைப் பள்ளி வேலைநாளாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்.